பைக் சக்கரம் நடுங்குகிறதா? பேலன்ஸ் செய்யும் முன் பார்க்க வேண்டியவையும் செய்யும் முறைகளும்

"எண்பதைத் தொட்டால் ஹேண்டில்பார் நடுங்குகிறது, வீல் பேலன்ஸ் செய்து கொடுங்கள்" என்று கேட்டு வரும் வண்டிகளில் பலவற்றுக்குப் பேலன்ஸ், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி ரிம்மில் சிறு எடைகளை ஒட்டுவது, தேவைப்படுவதே இல்லை. காற்று குறைந்திருக்கும், டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்காது, கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங் செட்) தளர்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் ரிம்மில் எடை ஒட்டினால் காசுதான் போகும், நடுக்கம் போகாது. இதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே பேலன்ஸ் தப்பிய சக்கரத்தைத் தொடாமல் கோன்செட்டை மாற்றச் சொல்லும் பட்டறைகளும் உண்டு. ஆகவே அறிகுறியிலிருந்து தொடங்குவதே நல்லது. உங்கள் வண்டியின் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாதது முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

எந்த அறிகுறியானாலும் முதலில்

காற்றைப் பாருங்கள். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது செயின் கவரிலோ பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பெட்ரோல் பங்கில் இருப்பவர் கைக்கு வந்ததைப் பிடித்து விடுவார். அதை நம்ப வேண்டாம்.

அடுத்தது, ரிம்மின் உட்பக்கம். மழைக்காலத்தில் களிமண் பாதையில் போய் வந்தால், அலாய் ரிம்மின் பள்ளத்தில் ஒரு பக்கமாகச் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். ஒரு கைப்பிடிச் சேறு எத்தனை கிராம் என்று யோசித்துப் பாருங்கள். பலமுறை இந்த ஒரு வேலையோடு, ஒரு வாளித் தண்ணீரோடு, பிரச்சினை முடிந்துவிடும்.

மூன்றாவது, நடுக்கம் சக்கரத்திலிருந்து வருகிறதா, எஞ்சினிலிருந்து வருகிறதா? காலியான நேரான சாலையில் அதே வேகத்தை ஐந்தாம் கியரிலும் நான்காம் கியரிலும் பிடித்துப் பாருங்கள். கியர் மாறியதும் நடுக்கம் மாறினால் எஞ்சின், அல்லது அதன் மவுண்டிங் போல்ட். கியர் எதுவானாலும் அதே வேகத்தில் அதே நடுக்கம் என்றால் சக்கரம். எஞ்சின் என்று தெரிந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை.

அறிகுறி 1: ஒரு வேகத்தைத் தாண்டியதும் ஹேண்டில்பார் நடுங்குகிறது

எழுபதுக்குக் கீழே ஒன்றும் இல்லை, எண்பது தொண்ணூறில் உள்ளங்கை மரத்துப்போகும் அளவுக்கு நடுக்கம். பேலன்ஸ் தப்பியதற்கு இதுவே சரியான அடையாளம். 17 அங்குல முன்சக்கரத்தில் 20 கிராம் ஒரு பக்கமாக அதிகம் இருந்தால், 100 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 4 கிலோ விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். 50 கி.மீ. வேகத்தில் அதே 20 கிராமின் இழுப்பு ஒரு கிலோதான். ஊருக்குள் அறுபதைத் தாண்டாமல் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது என்பதற்குக் காரணம் இதுதான். அவர் பேலன்ஸுக்குச் செலவு செய்யவும் தேவையில்லை.

எப்போது தொடங்கியது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

*புது டயர் மாட்டிய அன்றிலிருந்து:* டயரின் பக்கச் சுவரில் ஒரு சிறிய வண்ணப் புள்ளி இருக்கும், பெரும்பாலும் மஞ்சள். டயரின் எடை குறைந்த இடம் அது. வால்வுக்கு நேராக அது வந்திருக்கிறதா பாருங்கள். வேறெங்கோ இருந்தால் கடைக்காரர் கவனிக்கவில்லை. காற்றை இறக்கி, டயரை ரிம்மில் சுற்றி, புள்ளியை வால்வுக்கு நேராகக் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லா டயரிலும் புள்ளி இருக்காது. கழுவிக் கழுவி அழிந்தும் போயிருக்கும். அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்றும் கையோடு பார்த்துவிடுங்கள்.

*திடீரென ஒரு நாள்:* ரிம்மைத் தடவிப் பாருங்கள். சதுரமாகப் பசை ஒட்டிய தடம் மட்டும் இருந்து எடை இல்லையென்றால், விழுந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கிய பிறகு தொடங்கியது என்றால் ரிம் நெளிந்திருக்கலாம். அறிகுறி 2-க்குப் போங்கள்.

*மாதக்கணக்கில் மெல்ல மெல்ல:* டயர் தேய்மானம் அல்லது பேரிங். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையில் படாமல் ஒருவர் பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்க, டயரை மேலும் கீழும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் கொடுத்தால் வீல் பேரிங் போய்விட்டது. ஆட்டம் இல்லையென்றால் டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டுங்கள். கட்டைகள் மேடு பள்ளமாகத் தேய்ந்திருப்பது கைக்குத் தெரியும். அப்படித் தேய்ந்த டயரை எந்த முறையில் பேலன்ஸ் செய்தாலும் பயனில்லை.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் பேலன்ஸ் செய்ய வேண்டியதுதான். மெல்லிய முன்சக்கரத்துக்கு நான் சிபாரிசு செய்வது பழைய கம்பி முறையைத்தான். கார் சக்கரம் போல அகலமில்லாததால், 110 அளவு (டயரில் எழுதியிருக்கும் அகலம், மி.மீ.யில்) வரையிலான டயர்களுக்கு மெஷின் தரும் பலனைப் பொறுமையாகச் செய்த கம்பி முறையும் தரும்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். டிஸ்க் சக்கரத்திலேயே இருக்கட்டும். அதுவும் சேர்ந்துதான் சுழல்கிறது. டிரம் பிரேக் என்றால் ஷூ இருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். ஸ்பீடோமீட்டர் பல்சக்கரம் தனியாக வருமானால் அதையும் எடுங்கள், அது சுழற்சியைப் பிடிக்கும். சக்கரம் வெளியே இருக்கும் நேரத்தில் பிரேக் லீவரை யாரும் அழுத்திவிடாமல் பேடுகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள். ஏ.பி.எஸ். வண்டியில், டிஸ்க்கை ஒட்டியிருக்கும் ஓட்டை ஓட்டையான வளையத்தைத் தரையில் இடித்துவிடக் கூடாது.

ஆக்சிலையோ அதே தடிப்புள்ள நேரான கம்பியையோ பேரிங்கில் செருகி, அதன் இரு முனைகளையும் சமமட்டமான இரண்டு தாங்கிகளில் வையுங்கள். பேரிங்கின் கிரீஸும் ஆயில் சீலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால் 10 கிராம் வித்தியாசம் தெரியாமலே போய்விடும். அதனால், கம்பியின் முனைகள் சிறிய பழைய பேரிங்குகளின் மேல் உருளும்படி அமைத்தால் இன்னும் நுட்பமாகக் காட்டும். லேத் பட்டறையில் சொன்னால் அப்படியொரு தாங்கி செய்து தருவார்கள். இரண்டு மூன்று வண்டி இருக்கும் வீட்டுக்கு அது போட்ட காசைத் தரும்.

சக்கரத்தை லேசாகத் தள்ளி விடுங்கள். தானாக ஆடி ஆடி நிற்கும்போது அடியில் வரும் இடம்தான் கனமான இடம். சாக்பீஸால் குறியிட்டு மீண்டும் சுற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம் அடியில் வந்தால் சந்தேகமில்லை. அதற்கு நேர் எதிரே, மேலே, 10 கிராமை டேப்பால் தற்காலிகமாக ஒட்டுங்கள். இப்போது சாக்பீஸ் குறியைக் கடிகாரத்தின் மூன்று மணிப் பக்கம் கொண்டுவந்து கையை விடுங்கள். குறி கீழே இறங்கினால் எடை போதாது. மேலே ஏறினால் எடை அதிகம். ஐந்து ஐந்து கிராமாகக் கூட்டிக் குறைத்து, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்படி வந்தால் வேலை முடிந்தது.

பிறகு ரிம்மைப் பெட்ரோலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, எடையை அழுத்தி ஒட்டுங்கள். 20 கிராமுக்கு மேல் வந்தால் பாதியை இடப்பக்கமும் பாதியை வலப்பக்கமும் பிரித்து ஒட்டுவது நல்லது. போக்ஸ் கம்பிச் சக்கரம் என்றால், கம்பியின் நிப்பிளில் கவ்வும் எடைகளே சரி. பசை எடை வட்டமான குரோம் ரிம்மில் நிலைக்காது.

முன்சக்கரத்துக்கு 60 கிராமுக்கு மேல் கேட்டால் அதோடு நிறுத்துங்கள். மேலும் மேலும் ஒட்டிக்கொண்டே போவது வைத்தியமல்ல. டயரைக் கழற்றி, வெறும் ரிம்மை அதே கம்பியில் போட்டு அதன் கனமான இடத்தைக் கண்டுபிடியுங்கள். அது வால்வு இருக்கும் இடமாகத்தான் இருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள், பல ரிம்களில் அப்படி இருப்பதில்லை. டயரின் புள்ளியை அந்த இடத்துக்கு நேராக வைத்து மாட்டினால், தேவைப்படும் எடை பாதிக்கும் கீழே வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

*எப்போது கடைக்குப் போவது:* பேரிங் மாற்ற வேண்டியிருந்தால். சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழக்கமில்லை என்றால். ஆக்சில் நட்டை நிறுவனம் சொன்ன இறுக்கத்துக்குக் கட்ட டார்க் ரெஞ்சு இல்லை என்றால்.

அறிகுறி 2: நடுங்கவில்லை, குதிக்கிறது

நாற்பதிலேயே வண்டி மேலும் கீழும் தத்தித் தத்திப் போனால் எடையைத் தேடாதீர்கள். சக்கரம் வட்டமாக இல்லை.

டயர் ரிம்மைச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, பக்கச் சுவரில் மெல்லிய ஒரு கோடு சுற்றிலும் ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்திருந்தால், அங்கே டயரின் பீடு (ரிம்மைக் கவ்வும் உள்விளிம்பு) மேலே ஏறி உட்காரவில்லை. காற்றை முழுக்க இறக்கி, அந்த இடத்தை உள்ளே தள்ளி, சோப்புத் தண்ணீர் தடவி, மீண்டும் காற்றடித்தால் 'டப்' என்ற சத்தத்தோடு உட்காரும். 40 பி.எஸ்.ஐ. வரை ஏற்றியும் உட்காரவில்லை என்றால் இறக்கிவிட்டு மறுபடி சோப்பு போடுங்கள். வீம்புக்கு மேலே ஏற்றுவது ஆபத்து. பீடு அறுந்தால் கை போகும்.

கோடு சரியாக இருந்தால் ரிம்மைப் பாருங்கள். ஃபோர்க்கில் ஒரு கம்பியை டேப் சுற்றிக் கட்டி, அதன் நுனி ரிம்மின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு வைத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். மேல் கீழாகவோ பக்கவாட்டிலோ 2 மி.மீ.க்கு மேல் விலகினால் ரிம் நெளிந்திருக்கிறது.

போக்ஸ் கம்பி ரிம்: ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டுங்கள். இறுக்கமான கம்பி 'ணங்' என்கும், தளர்ந்தது 'டொக்' என்கும். ஒன்றிரண்டு மட்டும் தளர்ந்திருந்தால் கால் சுற்று இறுக்கலாம். அதற்கு மேல் என்றால் கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். டயரையும் டியூபையும் கழற்றித்தான் அதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் கம்பியின் முனை உள்ளே நீட்டி டியூபைக் குத்தும். புல்லட் போன்ற கனமான வண்டிகளில் எடை ஒட்டுவதற்கு முன் கோட்டம் எடுப்பது கட்டாயம் என்றே சொல்வேன்.

அலாய் ரிம்: விளிம்பில் லேசான நெளிவு என்றால் அலாய் பெண்டு எடுப்பவர்கள் சரி செய்வார்கள். விரிசல் கண்ணில் பட்டால் பற்றவைப்புக்குக் கொடுக்காதீர்கள். புது ரிம்தான்.

டியூப் டயரில் இன்னொன்று உண்டு: பஞ்சர் ஒட்டியபோது அளவு பெரிய டியூபைத் திணித்து மடிந்துபோயிருக்கலாம். பஞ்சர் கடைக்குப் போய் வந்த மறுநாளே குதிக்கத் தொடங்கியது என்றால் முதலில் இதையே சந்தேகப்படுங்கள்.

அறிகுறி 3: வேகம் குறையும்போது, பிடியைத் தளர்த்தினால் ஹேண்டில் இடவலமாக ஆடுகிறது

அறுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்கும்போது இது வரும். ஸ்கூட்டர்களில் சாதாரணம். இரு கைகளையும் எடுத்துவிட்டுச் சோதிக்க வேண்டாம். விரல்களைத் தளர்த்தினாலே தெரிந்துவிடும்.

பேலன்ஸ் இதற்குக் கடைசிக் காரணம். முன்டயரின் காற்று, முன்டயரின் தேய்மானம், பின்னால் வைத்த பெட்டியின் பாரம் என்று வரிசையாகப் பாருங்கள். பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டினாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

பிறகு கோன்செட். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே 'கடக்' என்று தட்டினால் தளர்வு. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால், குண்டுகள் ஓடும் கிண்ணத்தில் தடம் விழுந்துவிட்டது. தளர்வை இறுக்கலாம், தடத்தை இறுக்கிச் சரி செய்ய முடியாது, செட்டை மாற்றியே ஆக வேண்டும். இது மெக்கானிக்கின் வேலை. அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட கோன்செட் வண்டியை நேராகப் போகவிடாது. அது ஆட்டத்தைவிடக் கெட்டது.

அறிகுறி 4: கையில் இல்லை, சீட்டிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் நடுக்கம்

பின்சக்கரம். ஆனால் பின்சக்கரத்தில் செயின் இருக்கிறது. அதுதான் முதல் குற்றவாளி. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றியபடி செயினின் தொய்வைப் பல இடங்களில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தொய்வாகவும் இருந்தால் செயின் ஸ்பிராக்கெட் செட்டின் ஆயுள் முடிந்தது. எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் சுழலும் சக்கரத்தருகே கையையோ துணியையோ கொண்டுபோவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். விரல்கள் இப்படித்தான் போகின்றன.

அடுத்து, பின்சக்கரத்தின் நடுவே டிரம்முக்குள் செயினின் உதறலைத் தாங்கும் ரப்பர்கள். ஸ்பிராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால் அதிக ஆட்டம் இருக்கக் கூடாது. ரப்பர் மாற்றுவது மலிவான வேலை. அதற்குப் பிறகுதான் ஆர்ம் புஷ்ஷும் வீல் பேரிங்கும்.

எல்லாம் சரி என்றால் பேலன்ஸ். 100, 120 அளவு டயருக்குக் கம்பி முறையே போதும். ஸ்பிராக்கெட்டும் டிஸ்க்கும் சக்கரத்தில் இருக்க வேண்டும். 150க்கு மேற்பட்ட அகலமான பின்டயருக்கு மெஷின் முறைதான் மேல். கனமான இடம் இடப்பக்க விளிம்பிலும், எடை ஒட்டிய இடம் வலப்பக்க விளிம்பிலும் அமைந்துவிட்டால் கம்பியில் சமமாக நிற்கும் சக்கரம் ஓடும்போது பக்கவாட்டில் உதறும். கம்பி அதைக் காட்டாது. சுழற்றிப் பார்க்கும் மெஷின் காட்டும். பசை எடை ஒட்டும் முன் பின் ரிம்மில் படிந்திருக்கும் செயின் எண்ணெயை இரண்டு முறை துடையுங்கள். பின்சக்கரத்து எடைகள் விழுவதற்கு இந்த எண்ணெயே காரணம்.

அறிகுறி 5: காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும்

டயருக்குள் பஞ்சர் தடுக்கும் திரவம் ஊற்றியிருக்கிறீர்களா? இரவு முழுவதும் அது அடியில் தேங்கி நின்றிருக்கும். ஓட ஓடச் சமமாகப் பரவும். சில கிலோமீட்டரில் போய்விட்டால் விட்டுவிடலாம். போகவில்லை என்றால் திரவம் கட்டியாக உறைந்துவிட்டது. டயரைக் கழற்றிக் கழுவ வேண்டும். பேலன்ஸ் செய்வதற்கென்றே விற்கும் திரவங்களும் உண்டு. அவற்றையும் சாதாரணப் பஞ்சர் திரவத்தையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

திரவம் இல்லையென்றால், நாள்கணக்கில் நின்றிருந்த டயரின் அடிப்பகுதி தட்டையாகியிருக்கும். சூடேறினால் சரியாகிவிடும். பல மாதம் காற்றில்லாமல் நின்ற டயர் சரியாகாது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்தது. சுவரில் நுண்ணிய வெடிப்புகளும் இருந்தால் டயரை மாற்றிவிடுங்கள்.

அறிகுறி 6: பேலன்ஸ் செய்த பிறகும் போகவில்லை

மெஷினில் செய்தது என்றால், பைக் ஆக்சிலுக்கான தண்டு அந்தக் கடையில் இருந்ததா? கார் மெஷினின் கூம்பில் பைக் சக்கரத்தை எப்படியோ கவ்வவைத்துச் சுழற்றுகிற கடைகள் இருக்கின்றன. சக்கரம் நடு தப்பிச் சுழன்றால் மெஷின் காட்டும் எண் வெறும் கற்பனை. சோதிக்கும் வழி எளிது: எடை ஒட்டி பூஜ்யம் காட்டிய பிறகு, சக்கரத்தைத் தளர்த்தி, கால் சுற்று திருப்பி, மீண்டும் கவ்வி ஓட்டச் சொல்லுங்கள். மறுபடியும் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். 20, 30 என்று குதித்தால் வேறு கடை பாருங்கள். சக்கரத்தைத் திருப்பாமலேயே ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எண் மாறினால் பெரும்பாலும் டயருக்குள் திரவம் இருக்கும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய எடைகளை எடுக்காமல் அவற்றின் பக்கத்திலேயே புதியதை ஒட்டியிருந்தாலும் குழப்பம்தான். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

டயருக்குள் போடும் சிறு மணிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கண்ணாடி அல்லது பீங்கான் குண்டுமணிகள். வேகத்தில் அவை தாமாக நகர்ந்து சமப்படுத்தும் என்பது விற்பவர்களின் வாதம். டயர் தேயத் தேய மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டியதில்லை என்பதே அவற்றின் கவர்ச்சி. நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்துக்குப் போட்டுத் திருப்தியாக இருப்பவர்கள் உண்டு. என் எண்ணம் வேறு. குறைந்த வேகத்தில் அவை எதுவும் செய்யாது. டயருக்குள் ஈரம் இருந்தால் ஒட்டிக் கட்டியாகும். காற்றை இறக்கும்போது வால்வில் மாட்டி மெல்லக் கசியவைக்கும். பஞ்சர் கடைக்காரர் டயரைத் திறந்ததும் தரையெல்லாம் சிதறும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை செய்கிறதா என்று சக்கரத்தைக் கழற்றி வைத்துச் சோதிக்க முடியாது. கம்பியில் போட்ட சக்கரம் பொய் சொன்னால் அங்கேயே தெரிந்துவிடும். நெளிந்த ரிம்மையும் சரியாக உட்காராத டயரையும் மறைக்க மணிகளைப் போடுவது மட்டும் கூடவே கூடாது.

அறிகுறி 7: பிரேக் பிடிக்கும்போது மட்டும்

பேலன்ஸ் அல்ல. லீவர் விரலைத் தட்டித் தட்டித் தள்ளினால் டிஸ்க் வளைந்திருக்கிறது, அல்லது டிரம் வட்டம் தப்பியிருக்கிறது. டிஸ்க்கின் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

வீட்டில் சோதிக்கவே கூடாத ஒன்று

நூறை நெருங்கும்போது வண்டி முழுவதும் பாம்பு போல நெளிந்தால், வேகத்தை மெல்ல, ஆக்சிலரேட்டரைத் தளர்த்தியே குறையுங்கள். முன்பிரேக்கை வெடுக்கென்று பிடிக்க வேண்டாம். ஹேண்டிலை முரட்டுத்தனமாக இறுக்கிப் பிடித்தால் நெளிவு கூடும். ஓரமாக நிறுத்தி பின்டயரில் காற்று இருக்கிறதா, ஆக்சில் நட் இறுக்கமாக இருக்கிறதா, மூட்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் மறுபடி நெளிந்தால் ஆர்ம் புஷ், பின் ஷாக் அப்சார்பர், சில நேரம் சேசிஸ் என்று காரணம் ஆழத்தில் இருக்கும். அறுபதைத் தாண்டாமல் அருகிலுள்ள பட்டறைவரை ஓட்டிச் செல்லுங்கள். அந்த வேகத்திலும் நெளிந்தால் ஓட்டாதீர்கள். சரக்கு ஆட்டோவில் ஏற்றுங்கள்.